டீம் லீடரின் நட்பு அழைப்பை ஏற்பதா, வேண்டாமா?

டீம் லீடர் ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார், ஏற்றால் எல்லாவற்றையும் பார்ப்பார், விட்டால் மனதில் வைத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். குழுவில் பாதிப் பேர் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அவரை மட்டும் காக்க வைப்பது கண்ணை உறுத்தும். ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் கையோடு அவரை 'ரெஸ்ட்ரிக்டட்' பட்டியலில் போட்டுவிடுங்கள். நீங்கள் பொதுவில் போடுவதும் அவரை டேக் செய்வதும் மட்டுமே அவருக்குத் தெரியும். பட்டியலில் போட்டதாக அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை, சம்பளத்தை முடிவு செய்பவருக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

உண்மையில் மாட்டிவிடுவது நண்பர்கள்தான். தலைவலி என்று விடுப்பு எடுத்த நாளில், ஒருவர் உங்களை டேக் செய்து ஊர் சுற்றிய படத்தைப் பொதுவில் போட்டால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. உங்களை டேக் செய்த பதிவுகளை முன்கூட்டியே சரிபார்க்கும் 'டைம்லைன் ரிவ்யூ'வை இயக்கினாலும் அந்தப் படம் உங்கள் பக்கத்தில் வராமல் தடுக்கலாம், அவ்வளவுதான். போட்ட நண்பரின் பக்கத்தில் அது இருக்கும். நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பதே வழி.

அப்புறம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மறந்துவிட்டீர்கள். அலுவலகத்தில் எல்லாரிடமும் உங்கள் எண்ணும், உங்களிடம் அவர்கள் எண்ணும் இருக்குமே! ஸ்டேட்டஸ் பிரைவசியில் அவர்களை விலக்கிவையுங்கள். புதிதாகப் போடுபவற்றுக்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே போட்டதை நீங்களே அழிக்க வேண்டும்.