சேர்ந்தால் உரிமை போய்விடுமா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகனில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூர், மாநிலத்தின் 'மறுவளர்ச்சிக்கு ஆயத்தமான ஊர்கள்' திட்டத்தில் சேரலாமா என்று யோசிக்கிறது. சேர்ந்தால் ஊரின் அதிகாரம் பறிபோகுமா?

பதில்: பறிபோகாது. ஊர்கள் தங்கள் திட்டமிடல், கட்டட அனுமதி நடைமுறைகளைச் சீராக்கி முதலீட்டை ஈர்க்க உதவி, சான்றிதழும் தரும் இத்திட்டத்தை மிச்சிகன் பொருளாதார வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது; இதில் சேர்வது ஊரின் விருப்பம். நிலப் பயன்பாட்டு விதிகளை இயற்றும் உரிமை உங்கள் மன்றத்திடமே இருக்கும். ஊரின் வருங்கால வளர்ச்சியை வகுத்துக் காட்டும் பெருந்திட்டத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்வது, 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்படியும் உங்கள் கடமைதான். உண்மையான சுமை ஆள்பலத்தில் இருக்கிறது: கட்டட விண்ணப்பம் யாரிடம் போகிறது, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் முடிவு என்பதையெல்லாம் திட்டம் கேட்கிறபடி எழுதி இணையத்தில் வைப்பதற்குள், பகுதிநேர எழுத்தர் ஒருவரே உள்ள அலுவலகம் திணறிப்போகும். (சான்றிதழ் வந்த மறுநாளே முதலீட்டாளர் வாசலில் நிற்பார் என்று எண்ண வேண்டாம்.) மூடிக் கிடக்கும் ஆலையோ பள்ளிக் கட்டடமோ இருந்தால் தயங்காமல் சேருங்கள், முதலில் முழுச் சான்றிதழுக்கு முந்தைய படியான அடிப்படை நிலையை எட்டினாலே போதும்.