போயிங் 707 விமானத்தில் பறக்கும் உங்கள் நாயகி

கேள்வி: 1960-களில் ஏர் இந்தியாவின் பம்பாய்–நியூயார்க் விமானத்தில் ஏர் ஹோஸ்டஸாக வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். குழந்தை பெற்ற மூன்றாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்புகிறாள். முதல் அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். என்னென்ன திருத்த வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் குழந்தை. அவளால் வேலைக்குத் திரும்பியிருக்க முடியாது. ஏர் இந்தியாவின் ஏர் ஹோஸ்டஸ் விதிகளை எதிர்த்து 1981-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நர்கேஷ் மீர்சா வழக்கைப் படியுங்கள். 35 வயது, சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம், முதல் கர்ப்பம், இவற்றில் எது முந்துகிறதோ அன்றோடு வேலை போய்விடும் என்பதே அந்த வழக்கு நடந்தபோது இருந்த விதி. 1960-களில் திருமணமானாலே வேலை போய்விடும். கூடவே பறந்த ஆண் பர்சர்களுக்கோ (கேபின் பணியாளர்கள்) 58 வயது வரை வேலை உண்டு. கர்ப்பம் பற்றிய பகுதியை நீதிமன்றம் கொடூரமானது என்று சொல்லி நீக்கியது. திருமணத் தடையை அப்படியே விட்டுவிட்டது. எனவே உங்கள் நாயகி கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு பறக்கட்டும். திரும்பி வரும் காட்சியைவிட இதில்தான் கதை இருக்கிறது.

சக்கரம் வைத்த பெட்டியை எடுத்துவிடுங்கள். அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததே 1972-இல்தான். அதைத் தலைக்கு மேல் வைத்து மூடவும் வழியில்லை. அன்றைய 707-இல் அங்கே இருந்தது திறந்த தட்டு. தொப்பி, கோட்டு, போர்வை மட்டும் வைப்பார்கள். கனமானது எதுவானாலும், விமானம் குலுங்கினால் யார் தலையிலாவது விழும்.

சளியோடு அவள் பறக்கும் காட்சி அருமை, ஆனால் வலி வரும் நேரம் தவறு. மேலே ஏறும்போது நடுச்செவியிலுள்ள காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். நடுச்செவியை மூக்கின் பின்பக்கத்தோடு இணைக்கும் குழாய் சளியில் வீங்கியிருந்தால் திறக்காது. செவிப்பறை உள்நோக்கி இழுபடும், காது அடைத்து வலிக்கும், சில சமயம் ரத்தமும் வரும். எச்சில் விழுங்கிப் பார்ப்பாள். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிப் பார்ப்பாள். அந்தத் தடத்தில் நிறுத்தங்கள் பல என்பதால், ஒவ்வோர் ஊரிலும் இந்த வேதனை புதிதாகத் தொடங்கும்.

கேபினில் சிகரெட் புகையும் சேர்க்க வேண்டும். இருக்கைக் கைப்பிடியிலேயே சாம்பல் கிண்ணம் இருந்த காலம் அது.

கடைசியாக, பம்பாயில் ஏறியவளே நியூயார்க் வரை பரிமாற மாட்டாள். வழியில் ஓர் ஊரில் பணிக்குழு இறங்கி ஓய்வெடுக்கும், வேறு குழு ஏறும். நீங்கள் எழுதியிருக்கும், ஒரு பயணியுடனான அவளது உரையாடலை அதற்குள் முடித்துவிடுங்கள்.