கடிதத்தின் கடைசி வரி

அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். முகப்பரு, அறைக்கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் இந்த வயதுக்கு உரியவை. இந்த வயதில் தூக்கம் வருவதே தாமதமாகும். ஆனால் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். ஞாபகசக்தி டானிக் தேவையில்லை. உங்கள் தூக்க மாத்திரையில் பாதியை இரண்டு இரவு அவனுக்குக் கொடுத்தது பெரிய தவறு. இனி ஒரு தடவைகூடக் கூடாது. யூடியூப் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உலுக்கியது. காலாண்டில் இரண்டு பாடம் போனதும், “நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி” என்றிருக்கிறான். ஒரு மாதமாகக் கிரிக்கெட் ஆடப் போகவில்லை. ஆசையாக வாங்கிய பேட்டையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டான். நீங்கள் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட வேண்டியதும் இதற்குத்தான்.

இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். அவன் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்லாதீர்கள். ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். நடு ராத்திரியானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டிவைத்துச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மனசு உடையாத பிள்ளையாக வளர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, ஓயாத வீட்டுச் சண்டை என்று பல கஷ்டங்களில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். கைவிடாத பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். தாத்தா பாட்டியாகவோ வாத்தியாராகவோகூட இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அது அவன் மாமா. ஞாயிறு தோறும் மாமாவின் பைக் ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, தானே திரும்ப மாட்டுவானாம். மார்க் குறைந்ததும் அதை நிறுத்திவிட்டீர்கள். அவனுக்குக் கைவந்த ஒரே இடத்தையும் பறித்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்? இந்த ஞாயிறே அனுப்புங்கள். டாக்டரிடம் போகும்போதும், அவன் சம்மதித்தால், மாமாவையே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.