பாலாற்றோரம் ரயில் பார்த்துக்கொண்டே ஏலகிரி வரை

கணவன் மனைவி இருவரும் சென்னையிலிருந்து காரில் வேலூர்ப் பக்கம் வருகிறோம், அவருக்கு ரயில் பார்க்க வேண்டும், எனக்கு மலை பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே வழியில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கிடைக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தூரத்தில் ஹாரன் கேட்டாலே வண்டியை ஓரங்கட்டச் சொல்லுவார் என் வீட்டுக்காரர். அதனால் முதலில் ஒன்று: ரயில் பைத்தியம் பிடித்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். எங்கள் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன்.

பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே ஒரே மூச்சாக ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிடுவதுதான் பலருக்கும் வழக்கம். அப்படிப் போனால் வேலூரிலிருந்து ஆம்பூரை நெருங்கும் வரை ரயில் கண்ணில் படாது. சாலை பாலாற்றுக்குத் தெற்கே போகிறது, தண்டவாளம் ஆற்றுக்கு வடக்கே. ரயில் வேண்டுமென்றால் நீங்களும் வடகரைக்குத்தான் போக வேண்டும்.

வாலாஜாபேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். அம்மூர் பக்கம் வாலாஜா ரோடு நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது இங்கேதான். அவ்வளவு பெருமைக்கு நிலையம் சாதாரணமாகத்தான் இருக்கும், அரைமணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. அங்கிருந்து ராணிப்பேட்டை, திருவலம் வழியாகக் காட்பாடி. திருவலத்தில் பொன்னையாற்றின் மேல் வளைவு வளைவாக நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காட்பாடி ஜங்ஷனில் 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. சென்னை, ஜோலார்பேட்டை தவிர, பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ஒரு பாதை, வேலூர் கன்டோன்மென்ட் வழியாக திருவண்ணாமலை, விழுப்புரத்துக்கு ஒரு பாதை என்று பிரிகிற இடம். காலையில் வந்தால் பெங்களூர் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைப் பார்த்துவிடலாம். 1964-இல் இருந்து ஓடுகிற வண்டி. வெளியே இருக்கும் மேம்பாலத்தில் நின்று பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அங்கே எப்போதும் நெரிசல், பின்னால் பஸ்காரர் சும்மா விடமாட்டார்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. காட்பாடியிலிருந்து லத்தேரி வழியாகக் குடியாத்தம் போகும் சாலை. தென்னந்தோப்பு, கரும்பு, நெல், தள்ளி மொட்டைப் பாறைக் குன்றுகள். இந்தப் பக்கம் ஒருமுறை கேட் போட்டிருந்தார்கள். எங்கள் முன்னால் பால் கேன் கட்டிய டிவிஎஸ்50 ஒன்று. முதலில் கேட் கம்பத்தில் கட்டியிருந்த சங்கிலி மெல்ல அதிர ஆரம்பித்தது, அப்புறம்தான் சத்தமே வந்தது. சரக்கு ரயில். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தப் பால் கேன் மூடி டங் டங் என்று ஆடியது. கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி கையாட்ட, அவரும் பதிலுக்குக் கொடியை ஒரு ஆட்டு ஆட்டினார். அன்றைக்கு முழுக்க மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டாவுக்கு வந்தால் பாலாற்றைக் கடந்துவிடலாம். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். கரையிலேயே ரங்கநாதர் கோயில். அங்கிருந்து நெடுஞ்சாலையில் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு மேலே போங்கள். எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே சண்டை. ஆம்பூர் தாண்டி விண்ணமங்கலம் பக்கம் தண்டவாளம் சாலைக்கு அருகிலேயே வரும். ரயிலோடு போட்டி போட்டு ஓட்டத் தோன்றும். வேண்டாம், நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை, லாரிகள் வேறு.

மாலைக்கு ஏலகிரி. மலையடிவாரத்தில் இருக்கும் பொன்னேரியிலிருந்து (சென்னைப் பக்கத்துப் பொன்னேரி இல்லை) 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற ஜோலார்பேட்டை, வாணியம்பாடி பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரியும். வண்டி நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கும் வளைவில் மட்டும் நிறுத்துங்கள். பனிமூட்டம் இல்லாத நாளில் சரக்கு ரயில் ஊர்வது தெரியும், சத்தம் வராது. ஜோலார்பேட்டையில்தான் பெங்களூர்ப் பாதையும் சேலம் பாதையும் பிரிகின்றன. பெங்களூர்ப் பக்கம் ஏற்றம் என்பதால் கனமான சரக்கு ரயிலுக்குப் பின்னாலும் இன்ஜின் போட்டுத் தள்ளுவார்கள். 2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியதும் இந்த ஜோலார்பேட்டையிலிருந்துதான். சென்னைக்காரர்கள் அந்த நிலையத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும்.

படம் எடுக்கிறேன் என்று தண்டவாளத்தில் மட்டும் அவரை இறங்க விடாதீர்கள். வந்தே பாரத் வருகிற வேகத்துக்கு, சத்தம் கேட்ட பிறகு நகர நேரம் இருக்காது. சனி ஞாயிறில் ஏலகிரி மலைப்பாதையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். முடிந்தால் செவ்வாய், புதன் வாருங்கள், அறையும் சுலபமாகக் கிடைக்கும்.