டிராக்டர் கேள்வி-பதில்: டீசல் லைனில் ஏர்

சேறடிப்பு தொடங்கிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏர் பிடிப்பது, அதாவது டீசல் லைனில் காற்று புகுந்து எஞ்சின் நிற்பது பற்றித்தான்.

கே: டீசல் தீர்ந்து வயலிலேயே நின்றுவிட்டது. பத்து லிட்டர் ஊற்றியும் பிடிக்கவில்லை. எந்த வரிசையில் ஏர் எடுப்பது? (மன்னார்குடி)

டீசல் போகும் வழியிலேயே போங்கள். முதல் ஃபில்டரின் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்ப்பின் லீவரை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியும் டீசலுமாகத் துப்பும், கடைசியில் கண்ணாடிக் கம்பி மாதிரி டீசல் மட்டும் வரும். அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அதன்பின் டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்ப். அதற்கும் பிடிக்காவிட்டால்தான் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடி போதும். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கருகும்.

நாசில் பைப் பக்கம் கையை வைத்துப் பார்க்காதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இதை மறுபடி எழுதுவேன். அங்கே அழுத்தம் 200 பாரைத் தாண்டும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், உடனே பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

கே: லீவரை அடித்தால் பிடிமானமே இல்லை. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஃபீடு பம்ப்பைத் தள்ளும் கேம், மேட்டில் நின்றிருக்கும். எஞ்சினை ஒரு சுற்று நகர்த்திவிட்டு அடித்துப் பாருங்கள்.

கே: தினமும் காலையில் ஏர் எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. கசிவே இல்லாமல் ஏர் எப்படி வரும்?

டேங்க்கிலிருந்து ஃபீடு பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள். இளநீர் வெளியே சொட்டாது, காற்றுதான் வாய்க்குள் வரும். அதேதான் இங்கேயும். தினமும் ஏர் எடுப்பது வைத்தியம் ஆகாது, ஏர் நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபீடு பம்ப்புக்கு முன்னால் ஒரு முழம், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட்டுங்கள். குமிழி ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். ஓடாவிட்டால் ஹோஸைப் பம்ப்புக்கு அந்தப் பக்கம் மாற்றிப் பாருங்கள். ராத்திரியில் மட்டும் டீசல் டேங்க்குக்கு இறங்கிவிடுகிறது என்றால் ஃபீடு பம்ப் வால்வையும் ரிட்டர்ன் பைப்பையும் பாருங்கள்.

பத்துக்கு ஏழு வண்டியில் ஏர் நுழையும் இடமாக நான் பார்ப்பது பைப் இணைப்பில் இருக்கும் காப்பர் வாஷர்தான். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. போன மாதம் வந்த ஒரு வண்டியில் டீசல் பைப்பை இணைக்கும் துளை போல்ட்டான பேஞ்சோ போல்ட்டைச் சுற்றித் துணி சோப்பு அப்பியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் டெஃப்லான் டேப். கழற்றினால், பலமுறை இறுக்கி இரும்பு மாதிரி கெட்டியான பழைய வாஷர், அதில் நகம் மாட்டுகிற அளவுக்கு வளையத் தடம். டேப்பின் பிசிறு ஃபீடு பம்ப் சல்லடையில் வெள்ளைப் புழு மாதிரி சுருண்டு கிடந்தது. பத்து, இருபது ரூபாய் வாஷருக்காக அந்த விவசாயி ரொட்டவேட்டர் வாடகையில் இரண்டு நாளை இழந்திருக்கிறார். ஃபில்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர் மாற்றுங்கள். கிடைக்காத ஊரில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், ஒருமுறை சமாளிக்கலாம். சோப்பு வேண்டாம், நூல் வேண்டாம், டேப் வேண்டவே வேண்டாம்.

கே: அரை மணி நேரம் நன்றாக ஓடி நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம்.

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். மூடியில் இருக்கும் காற்றுத் துளையைச் சேறு அடைத்திருக்கிறது. டீசலில் கழுவி ஊசியால் குத்துங்கள்.

கே: நாசில் நட்டில் டீசல் கசிகிறது. அதனால்தான் ஏர் பிடிக்கிறதா?

இல்லை. அது தள்ளும் பக்கம், ஓடும்போது டீசல்தான் வெளியே வரும். கசிவைத் தனியாகச் சரிசெய்யுங்கள், ஏர் வரும் வழியை வேறு இடத்தில் தேடுங்கள்.

கே: ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி வைத்தால் பிடிக்கும் என்கிறார்களே?

கூடாது. பெட்ரோல் ஆவி நேரம் தவறிப் பற்றினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போகும்.

கே: என் டிராக்டர் அடிக்கடி நிற்கிறது. தீர்வு சொல்லவும்.

என்ன வண்டி, எப்போது நிற்கிறது, புகை என்ன நிறம், ஃபில்டர் மாற்றி எத்தனை மணி நேரம் ஆயிற்று, எதுவுமே இல்லை. இவ்வளவையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கே: புதிதாக வாங்கிய 55 எச்பி சிஆர்டிஐ (காமன் ரெயில்) வண்டி. இதிலும் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

தொடவே தொடாதீர்கள். 2023-இல் 50 எச்பிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்தபின் இந்த எஞ்சின்கள் பெருகிவிட்டன. இதில் எல்லா நாசிலுக்கும் பொதுவான குழாயான ரெயிலில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். கை பம்ப்பை அடித்து, ஃபில்டர் வரை மட்டும் ஏர் எடுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

கே: வரப்பு ஏறும்போது மட்டும் திணறுகிறது. (பொள்ளாச்சி)

டேங்க்கில் டீசல் குறைவு. சாயும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, அவுட்லெட் காற்றை உறிஞ்சுகிறது. பாதி டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள்.