வாளெடுத்த பெண்ணுக்கு என்ன பெயர்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள், அந்தக் கால ரோமாபுரியில் கூட்டத்துக்கு முன்னால் அரங்கில் சண்டை போட்ட கிளாடியேட்டர்களில் பெண்களும் இருந்தார்களா, அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று தினமும் கேட்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள் சார்.
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருந்தார்கள் அம்மா. இப்போது புழங்கும் சொல் கிளாடியேட்ரிக்ஸ். லத்தீனில் ‘கிளாடியஸ்’ என்றால் வாள். பூங்கொத்தில் நீளத் தண்டோடு செருகுகிறார்களே கிளாடியோலஸ், அதன் இலை வாள் மாதிரி இருப்பதால் அதற்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். ஆணுக்கு ‘டர்’ விகுதி, பெண்ணுக்கு ‘ட்ரிக்ஸ்’. நம் மறவன், மறத்தி போலத்தான்.

ஆனால் இந்தச் சொல் பிற்காலத்தார் இலக்கணம் பார்த்துக் கட்டியது. அன்றைய ரோமானியர்கள் வெறுமனே ‘பெண்கள்’ என்றே எழுதினார்கள். டொமிஷியன் பேரரசர் ராத்திரியில் தீவட்டி வெளிச்சத்தில் அவர்களை மோதவிட்டார் என்று எழுதிவைத்தவர்கள்கூட, மோதியவர்களில் ஒருத்தியின் பெயரையும் சொல்லவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

பெயரைக் காப்பாற்றியது ஒரு கல். துருக்கியின் போட்ரம், அந்தக் கால ஹாலிகர்னாசஸ், அங்கே கிடைத்த பளிங்குச் சிற்பம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தலைக்கவசம் இல்லாமல், கேடயத்தை முன்னால் பிடித்து இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். காலடியில் கிரேக்க எழுத்தில் அமேசான், அகில்லியா. கிரேக்கக் கதையில் அமேசான்கள் என்பது போர் செய்யும் பெண்களின் கூட்டம். அவர்கள் அரசியைக் கொன்ற வீரன் அகிலிஸ், அவன் பெயரையே பெண்பாலாக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் இவை களத்துக்காகச் சூட்டிய பெயர்களாகத்தான் இருக்கும். தலைக்கு மேலே ஒரே சொல்: ‘விடுவிக்கப்பட்டார்கள்’. அதாவது இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்! மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கி.பி. 11-இலேயே 20 வயதுக்குட்பட்ட சுதந்திரக் குடிப் பெண்கள் களமிறங்க ரோமானிய செனட் தடை போட்டது, அப்புறம் கி.பி. 200 வாக்கில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் பெண்கள் சண்டையையே நிறுத்திவிட்டார். அந்த முதல் தடை வந்த காலத்தை ஒட்டித்தான் இத்தாலியின் அரெஸ்ஸோவில் சுட்ட சிவப்புப் பாத்திரங்கள் கப்பலேறி நம் பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு வந்துகொண்டிருந்தன. 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டியபோது அவற்றின் ஓடுகள் கிடைத்தன. அரியாங்குப்பம் பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள்.

தமிழில் வேண்டுமென்றால் நான் ‘வாள்மறத்தி’ என்பேன்.