அவுரிப்பொடி போட்டும் நரை கறுக்காமல் பச்சையாகத் தெரிவது ஏன்? பச்சை இலையில் நீலம் எங்கே இருக்கிறது?

இலையில் நீலமே கிடையாது. இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். செடி இண்டோல் என்ற பொருளை ஆக்சிஜனேற்றி இண்டாக்சில் ஆக்குகிறது. அது தானாக வினைபுரியும் பொருள் என்பதால் உடனே ஒரு குளுக்கோஸை மாட்டி ஒதுக்கி வைக்கிறது. அந்தக் குளுக்கோஸைக் கழற்றும் நொதி செல்லின் வேறு அறையில் இருக்கும். இலை கசங்கினாலோ பொடி நனைந்தாலோ இரண்டும் கலந்துவிடும். விடுபட்ட இண்டாக்சில் காற்றுப்பட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோ ஆகிறது. அதுதான் நீலம்.

இண்டாக்சில் கரையும், முடிக்குள் இறங்கும். இண்டிகோ கரையாது, இறங்காது. ஆகவே நீலம் முடிக்குள் உருவாக வேண்டும், கிண்ணத்தில் அல்ல. மருதாணியைப் போல இதையும் ராத்திரியே ஊறப்போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. காலையில் கிண்ணம் கருநீலமாக இருக்கும், தலையில் ஒன்றும் ஏறாது.

தோள்வரை உள்ள முடிக்கு 100 கிராம் பொடி போதும். வெதுவெதுப்பான நீரில் தயிர் பதத்துக்குக் குழைத்து 10, 15 நிமிடம் விடுங்கள். பச்சைக் குழம்பின் மேல் நீல ஆடை படர்ந்தால் உடனே தடவி, உறையால் மூடி, ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும். எலுமிச்சைச் சாறு மருதாணிக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

அலசியதும் பச்சை தெரிந்தால் பயப்படாதீர்கள், ஆக்சிஜனேற்றம் இன்னும் முடியவில்லை. இரண்டு நாள் ஷாம்பு போடாமல் விட்டால் கறுக்கும். ஆனால் நரைமேல் நேராக அவுரி போட்டால் நீலச்சாயல்தான் மிஞ்சும். முதலில் மருதாணி போட்டு அலசிவிட்டுப் பிறகு இதைப் போட்டால்தான், செம்மையும் நீலமும் சேர்ந்து கறுப்பாகும்.

குழைத்து அரை மணி ஆகியும் நீல ஆடை வரவில்லையா? பொடி பழசு, அல்லது ஈரம் பட்டு இண்டிகன் முன்பே தீர்ந்துவிட்டது. பொடியே கறுப்பாக இருந்தால் வாங்காதீர்கள், பிபிடி என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கலாம்.

மருந்து விஷயம்: இண்டாக்சில் ஐசாட்டின் என்ற இன்னொரு பொருளோடு சேர்ந்தால் இண்டிருபின் என்ற சிவப்பு நிறமி வரும். ரத்தப் புற்றுநோய்க்காக ஆராயப்பட்டது அதுதான். இயற்கைதானே என்று இலையிலிருந்து எடுக்கும் நீலப்பொடியை உள்ளே சாப்பிடாதீர்கள். பெருங்குடல் புண்ணுக்கு அதைத் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியதால் ஜப்பான் அரசு 2016-இல் எச்சரித்தது. இன்னொன்று, நிலாவரையையும் சிலர் அவுரி என்றே விற்கிறார்கள். அது பேதி மருந்து. எவ்வளவு குழைத்தாலும் நீல ஆடை வராது.